கை கழன்ற ரோபோ லாரி

முதலில் பொம்மையைச் சொல்லிவிடுகிறேன். லாரியும் காரும் ரோபோவாக மாறுகிற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்களைப் பற்றிய சண்டை அதற்கப்புறம் வந்ததுதான்.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியில் கண்காட்சி போடுவார்கள் இல்லையா, அதற்குத் தங்கச்சி குடும்பத்தோடு போயிருந்தோம். ராட்டினத்தில் ஏறி இறங்கி, ஆளுக்கொரு டெல்லி அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிற வழியில் ஒரு பொம்மைக் கடை. தங்கச்சி மகன் அங்கேயே காலை ஊன்றிவிட்டான். ஏழு வயது, இழுத்தாலும் வரமாட்டான். அவன் கண் வைத்தது ஒரு லாரி மேல். சிவப்பு கேபின், நீலப் பின்பக்கம். கேபினைப் பிளந்தால் நெஞ்சு, பின்பக்கத்தை இழுத்தால் கால், உச்சியில் ஒரு மூடியைத் திருப்பினால் தலை. கடைக்காரர் 450 சொன்னார், 380-க்குப் படிந்தது.

பெட்டியில் கம்பெனி பெயர் எதுவும் கிடையாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கிடையாது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம். எனக்கு அது தெரியும், தெரிந்தும்தான் வாங்கினேன், பையன் அழுத அழுகையில் சட்டமெல்லாம் ஞாபகத்தில் நிற்கவில்லை. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. எப்படி மாற்றுவது என்று படம் போட்டு எட்டு படி. ஆறு படி வரைக்கும் ஒழுங்காகப் போகும். ஏழாவது படத்தில் இருக்கிற கால் நம் கையில் இருக்கிற காலே கிடையாது, வேறு எதோ பொம்மையின் சீட்டை இதில் திணித்திருக்கிறார்கள். லாரியை ரோபோ ஆக்குவது சுலபம். ரோபோவைத் திரும்ப லாரி ஆக்கத்தான் மனுஷனைக் கொல்கிறது. முஷ்டி இரண்டையும் முதலில் உள்பக்கம் திருப்பிவிட்டு, அப்புறம் காலை மடக்கினால்தான் மடங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, நடுவில் சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை.

இரண்டாம் நாள் வலது கை கழன்றுவிட்டது. தோளில் ஒரு சின்ன குண்டு, கையில் அதற்கு ஒரு குழி, அவ்வளவுதான் இணைப்பு. பிளாஸ்டிக் மட்டம் என்பதால் குண்டு சீக்கிரம் தேய்ந்து லூஸாகிவிடுகிறது. இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது: தங்கச்சியின் நெயில் பாலிஷை அந்தக் குண்டின் மேல் ஒரு கோட்டிங் கொடுத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி மாட்டினால் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு நாலு நாள் தாங்கியது. சக்கரங்கள் ஓடும், ஆனால் பின்சக்கர அச்சு வளைசல், நேராகத் தள்ளினால் இடது பக்கம் போகும். ஸ்டிக்கர் வியர்வைக் கை பட்டதும் சுருண்டது. என்னைக் கேட்டால் 200 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அந்த முஷ்டி தனியாகக் கழன்று வருகிறது, சரியாக வாயில் போட்டுக்கொள்கிற அளவு.

பொம்மை விமர்சனம் இத்தோடு முடிந்தது. இனி மாப்பிள்ளை.

தங்கச்சி வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர். குவாரியில் கிரானைட் பிளாக் ஏற்றி, சங்கிலி போட்டு இறுக்கி, சென்னை துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குகிற வேலை. அந்த வாரம் வண்டி எஃப்.சி.க்காக (தகுதிச் சான்று) செட்டில் நின்றிருந்தது, பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் காவேரிப்பட்டணம் வீட்டில் சும்மா இருந்தார். டிரைவர்கள் சும்மா இருந்தால் வீட்டில் எல்லாவற்றுக்கும் கருத்து வரும். நான் நெயில் பாலிஷ் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிப்பட்டைக் கடித்தபடி சொன்னார்: "மச்சான், இந்தப் பொம்மைய வச்சு படம் எடுத்து, அதுக்கு ரெண்டரை மணி நேரம் பெரிய ஆளுங்க உக்காந்து பாக்குறாங்களாமே. நீங்ககூட பார்ப்பீங்களாமே. சின்னப்புள்ளத்தனமா இல்ல?"

பார்ப்பேன். 2007-ல் நடிகர்களை வைத்து எடுத்த முதல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படம் வந்தபோது ஊரில் ஒரு தியேட்டரில் தமிழ் டப்பிங்கில் பார்த்தேன், இடது பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, ரோபோ இடது பக்கம் விழுந்தால் சத்தமே வராது, வலது பக்கம் விழுந்தால் நாற்காலி ஆடும். அப்படியும் ஆளே மாறிப்போய்த்தான் வெளியே வந்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "நாலு ராத்திரி என்னோட உக்காருங்க, அப்புறம் பேசுங்க" என்றேன். வண்டியும் செட்டில்தான் நிற்கிறது, வேறு எங்கே போகப் போகிறார்.

முதல் ராத்திரி அந்த 2007 படம்தான். மைக்கேல் பே இயக்கியது. மாப்பிள்ளை முதலில் கவனித்தது மூக்கை. நம்ம ஊர் லாரி எல்லாம் தட்டை மூக்கு, எஞ்சின் மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும். பையன் கையில் இருக்கிற பொம்மையும் அப்படித்தான், 1984-ல் வந்த அசல் பொம்மையும் அப்படித்தான். ஆனால் படத்தில் வருகிற ஹீரோ ரோபோ ஆப்டிமஸ் பிரைம் நீள மூக்கு, பீட்டர்பில்ட் வண்டி. ரோபோ எழுந்து நிற்கும்போது உயரமாகத் தெரியவேண்டும், தட்டை மூக்கு வண்டியை விரித்தால் அவ்வளவு சரக்கு கிடைக்காது என்று மாற்றினார்கள். அதாவது லாரியில் எவ்வளவு இரும்பு இருக்கிறதோ அவ்வளவுதான் ரோபோவிலும் இருக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். பழைய கார்ட்டூனில் வில்லன் மெகாட்ரான் கைத்துப்பாக்கியாகச் சுருங்கிவிடுவான், படத்தில் அதையும் விட்டுவிட்டார்கள், அவ்வளவு பெரிய உடம்பு எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். எடை சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அவருக்கு மரியாதை வந்துவிடும், ஓவர்லோடுக்கு அபராதம் கட்டியவர்.

ஆப்டிமஸின் கணினி உருவத்தில் 10,000-க்கும் மேற்பட்ட பாகங்கள். லாரியிலிருந்து ரோபோவாக மாறுகிற அந்தச் சில நொடிகளில் டயர் எங்கே போகிறது, புகைபோக்கி எங்கே போகிறது, கதவு எந்தப் பக்கம் மடிகிறது என்று ஒவ்வொன்றும் நகர்கிறது. மாப்பிள்ளை அதை மூன்று தடவை ரிவைண்ட் பண்ணச் சொன்னார். மூன்றாவது தடவை, "ஃப்ரண்ட் ஆக்சில் தோளுக்குப் போயிடுது" என்று பையனிடம் காட்டினார். பையன் தன் பொம்மையில் அது போகவில்லை என்று புகார் சொன்னான். போகாதுடா, அது 380 ரூபாய்.

ஆனால் சண்டைக்காட்சி வந்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது, நியாயமாகச் சொன்னால் எனக்கும் போய்விட்டது. கேமரா ஒரு இடத்தில் நிற்பதில்லை. சாம்பல் நிற ரோபோ சாம்பல் நிற ரோபோவை அடிக்கிறது, பின்னால் சாம்பல் நிறப் புகை. யார் கை உடைந்தது என்று தெரிவதற்குள் அடுத்த ஷாட். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொரு நட்டுபோல்ட்டையும் செய்துவிட்டு அதைப் பார்க்கவிடாமல் ஆட்டுவது என்ன கணக்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முதல் படத்திலாவது அதில் வருகிற பையனுக்கும் ரோபோவாக மாறுகிற அவனுடைய மஞ்சள் காருக்கும் நடுவில் ஒரு கதை இருந்தது. அதற்கப்புறம் 2009, 2011, 2014, 2017 என்று வரிசையாக நாலு படம், 2014-ல் வந்தது 165 நிமிஷம், உட்கார்ந்து எழுந்தால் ஒரு எஃப்.சி. முடிந்துவிடும். 2011 படமும் 2014 படமும் தலா 100 கோடி டாலருக்கு மேல் வசூல். அதனால் பொம்மைப் படம் என்றாலே இதுதான் என்று உலகம் முடிவு பண்ணிவிட்டது. மாப்பிள்ளை சொன்ன "சின்னப்புள்ளத்தனம்" இந்தப் படங்களுக்குப் பொருந்தும், நான் மறுக்கவில்லை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். ஏழு வயசுப் பையன் தன் பொம்மையை இவ்வளவு அலட்சியமாக வைத்து விளையாடமாட்டான். அவன் தரையில் சண்டை போடவைக்கும்போது பாருங்கள், யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாருக்கு என்ன உறவு, எந்த அடிக்கு யார் விழுவார்கள் என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் போன ரோபோ அடுத்த காட்சியில் ஜன்னலில் இருக்காது.

இரண்டாம் ராத்திரி 1986-ல் வந்த அனிமேஷன் படம். இதுதான் நான் மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே காட்ட நினைத்தது. 84 நிமிஷம்தான். இங்கிலீஷில்தான் பார்த்தோம், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதற்கு முன்னால் பொம்மையின் பூர்வீகத்தைச் சொல்லவேண்டியிருந்தது. இந்தப் பொம்மைகள் முதலில் ஜப்பானில் டகாரா கம்பெனி செய்தவை. அங்கே இவை வெறும் இயந்திரம், உள்ளே ஒரு விரல்நுனி அளவு டிரைவர் பொம்மை உட்கார்ந்து ஓட்டும். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ உரிமம் வாங்கி 1984-ல் அங்கே இறக்கியபோது டிரைவரை எடுத்துவிட்டு ரோபோவுக்கே உயிர் கொடுத்துவிட்டார்கள். ("பாருங்க, அங்கயே நம்ம பொழப்புல கை வச்சுட்டாங்க" என்றார் மாப்பிள்ளை.) பெயரும் குணமும் எழுதிக்கொடுக்க மார்வெல் காமிக்ஸ்காரர்களைப் பிடித்தார்கள். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயர் டென்னி ஓ'நீல் வைத்தது, மெகாட்ரான் உட்பட மற்ற நிறையப் பெயர்களும் ஒவ்வொன்றின் குணமும் பாப் புடியான்ஸ்கி எழுதியது. அதே வருஷம் அமெரிக்காவில் ஒளிபரப்பைக் கண்காணிக்கிற எஃப்.சி.சி., டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கான விளம்பர நேரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. பொம்மைக் கம்பெனிகளுக்கு வேறென்ன வேண்டும், நிகழ்ச்சியே விளம்பரம் ஆனது. கார்ட்டூன் பொம்மையை விற்றது, பொம்மை கார்ட்டூனை விற்றது. இதில் ஒளிவுமறைவே கிடையாது.

கார்ட்டூனில் ஒரு விஷயம் மாப்பிள்ளையைப் பாடாய்ப் படுத்திவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். லாரி ரோபோவாக மாறும்போது பின்னால் இருக்கிற டிரெய்லர் கழன்று ஒரு ஓரமாக உருண்டு போகும், அப்புறம் காணாமலே போய்விடும். மறுபடி லாரியானால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டியபோது அவர் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "டிரெய்லர் எங்க? லோடுக்கு யார் பொறுப்பு?" சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரோட்டு ஓரத்தில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் போன டிரைவர் என்னென்ன பதில் சொல்லவேண்டியிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

சரி, 1986 படம். ஆரம்பத்திலேயே ஒரு விண்கலத்தில் போகிற பிரௌல், பிரான், ராட்செட், அயர்ன்ஹைட் நாலு பேரையும் எதிரிகள் உள்ளே புகுந்து சுட்டுக்கொன்றுவிடுகிறார்கள். இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் டிவியில் பார்த்துவந்த ஆட்கள். "ஒரே ட்ரிப்ல நாலு வண்டி" என்றார் மாப்பிள்ளை. கொஞ்ச நேரத்தில் ஆப்டிமஸும் மெகாட்ரானும் மோதுகிறார்கள், அடுத்து ஆப்டிமஸ் ஒரு மேஜை மேல் கிடக்கிறார். தலைமைப் பொறுப்பை நண்பனிடம் ஒப்படைக்கிறார். அப்புறம் கண்ணில் இருக்கிற வெளிச்சம் அணைகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது, சிவப்பும் நீலமும் உடம்பிலிருந்து வடிந்து மொத்தமும் சாம்பல் நிறமாகிறது. இதெல்லாம் கை வரைந்த பழைய கார்ட்டூன்தான், இப்போது பார்த்தால் வாய் அசைவு பல இடத்தில் ஒட்டாது. ஆனால் அந்த நிறம் வடிகிற இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பையன் கையில் இருந்த பொம்மையைப் பார்த்தான், அதன் சிவப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது மாதிரி இருந்தது.

ஏன் கொன்றார்கள்? கதைக்காகக் கொல்லவில்லை. 1984-ல் வந்த பொம்மைகளை நிறுத்திவிட்டு 1986-க்குப் புதுசு இறக்கவேண்டும், பழைய ஆள் இருந்தால் புது ஆள் எப்படி விற்பான். ஸ்டாக் கிளியரன்ஸ், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவில் தியேட்டரில் பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் கொதித்தார்கள், கம்பெனி மிரண்டுபோய், அடுத்து எடுத்துக்கொண்டிருந்த ஜி.ஐ. ஜோ (அதே கம்பெனியின் ராணுவ வீரர் பொம்மை) படத்தில் சாகவேண்டிய ட்யூக் என்ற வீரனைக் கோமாவில் போய்விட்டான் என்று வசனத்தை மட்டும் மாற்றிக் காப்பாற்றினார்கள். 1987-ல் டிவி தொடரில் ஆப்டிமஸையும் உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள்.

பையன் கேட்டான், "ஸ்டாக் தீர்ந்தா ஆளைக் கொன்னுடுவாங்களா மாமா?" நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை டிவியைப் பார்த்தார்.

என் கட்சி இதுதான். கம்பெனிக்கு அது ஸ்டாக், பிள்ளைகளுக்கு அது சாவு. விற்பதற்காகச் செய்தது என்பதாலேயே அந்த அழுகை பொய்யாகிவிடுமா? அந்தப் படத்தில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர் சம்பளத்துக்குத்தான் செய்திருப்பார்கள், அந்தப் படத்தில் கோள்களை விழுங்குகிற யூனிக்ரானுக்குக் குரல் கொடுத்தவர் அமெரிக்காவின் பெரிய இயக்குநர், நடிகர் ஆர்சன் வெல்ஸ், அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று அது, படம் வெளிவருவதற்கு முன்பே 1985-ல் காலமாகிவிட்டார். ஆப்டிமஸுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன், குரல் தேர்வுக்குக் கிளம்பும்போது வியட்நாம் போரில் இருந்துவந்த தன் அண்ணன் சொன்ன யோசனையைப் பலமுறை சொல்லியிருக்கிறார்: கத்திக் கூச்சல் போடுகிற ஹீரோவாகச் செய்யாதே, பலம் இருப்பவன் மென்மையாகப் பேசுவான். அந்தக் குரலில் அண்ணனைத்தான் வைத்தார் கல்லன். பொம்மை விளம்பரத்துக்காக எடுத்த கார்ட்டூன், அதற்குள் ஒரு ஆள் தன் அண்ணனைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார். மதிக்காமல் எப்படி இருப்பது.

மாப்பிள்ளை அப்போதும் விடவில்லை. "இருந்தாலும் பொம்மை பொம்மைதான மச்சான்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன வருஷம் அவருடைய சொந்த ஊரில் பாரதக் கூத்து, பதினெட்டாம் நாள் படுகளம். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்கவைத்திருந்தார்கள், கிட்டத்தட்ட அவருடைய டிரெய்லர் நீளம், கண்ணுக்கு வெள்ளை, மீசைக்குக் கறுப்பு. பீமன் வேஷம் கட்டினவர் கதையைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்து தொடையில் அடித்ததும் குங்குமத் தண்ணீர் பீறிட்டது, திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிந்தாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது யார் என்று கேட்டேன். அந்த மண்ணை முந்தின நாள் டிராக்டரில் ஏரியிலிருந்து கொட்டியபோது கூட நின்றவரும் அவர்தான். "அது சாமி விஷயம்" என்றார், குரல் இறங்கிவிட்டது. சாமி விஷயம்தான், பிளாஸ்டிக் லாரியையும் படுகளத்தையும் ஒரே தட்டில் வைக்க நானும் வரவில்லை. மண்ணுக்கு உயிர் வருவது பார்க்கிறவன் மனசில்தான் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஜி.ஐ. ஜோ பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அது என் பொம்மை. ஹாஸ்ப்ரோ 1964-ல் அதைக் கொண்டுவந்தபோது பையன்கள் பொம்மை வாங்கமாட்டார்கள் என்று பயந்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று ஒரு புதுப் பெயரையே உண்டாக்கினார்கள். வெட்கப்பட்டு வைத்த பெயர். நம்ம நாட்டில் எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் அதை இங்கேயே செய்து விற்றது. அசலில் பச்சையாக இருக்கிற வீரன் இங்கே வேறு நிறத்தில் வருவான், இப்போது அந்த நிறத்துக்காகவே வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். என்னுடையதை என் அம்மா பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார், அதைப் பற்றி இங்கே வேண்டாம். அந்தப் பொம்மை அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு சின்ன வாழ்க்கைக் குறிப்பு இருக்கும், அதை எழுதியவர் லாரி ஹாமா, ராணுவத்தில் இருந்தவர். அவர் எழுதிய ஜி.ஐ. ஜோ காமிக்ஸில் 1984-ல் ஒரு இதழ் முழுக்க ஒரு வசனம்கூட இல்லாமல் வந்தது, இன்றைக்கும் காமிக்ஸ்காரர்கள் அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அட்டைப்பெட்டிக்கு எழுதியவருக்கு இருந்த அக்கறையில் கால்வாசி 2009-ல் வந்த ஜி.ஐ. ஜோ படத்துக்கு இல்லை. 2012-ல் பேட்டில்ஷிப் என்று ஒன்று வந்தது, கட்டம் போட்ட தாளில் கப்பலை ஒளித்துவைத்து விளையாடுகிற விளையாட்டு, அதில் கதாபாத்திரமே கிடையாது, அதற்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து வேற்றுக்கிரகவாசிகளைக் கொண்டுவந்தார்கள். நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவேண்டாம்.

மூன்றாம் ராத்திரி பம்பிள்பீ, 2018. மஞ்சள் கார் இதில் பழைய பொம்மை மாதிரியே ஃபோக்ஸ்வாகன் பீட்டில், ஆமை வண்டி. அப்பாவை இழந்த ஒரு பெண் பழைய இரும்புக் கடையில் அதை எடுத்துவந்து சரிசெய்கிறாள், அதற்குப் பேச்சு போய்விட்டது, ரேடியோவில் வருகிற பாட்டுகளை வைத்துப் பேசக் கற்றுக்கொள்கிறது. உலகம் அழிகிற சத்தமெல்லாம் குறைவு. ஒரு கேரேஜுக்குள் இவ்வளவு பெரிய ரோபோ தலையைக் குனிந்து, கால் முட்டியைக் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிற காட்சி ஒன்று போதும். இயக்கியவர் டிராவிஸ் நைட், அதற்கு முன் அமெரிக்காவின் லைக்கா ஸ்டூடியோவில் பொம்மையைக் கையால் ஒரு இம்மி நகர்த்தி ஒரு படம், இன்னொரு இம்மி நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துப் பழகியவர். கை பழகியவனுக்குத்தான் பொம்மையின் எடை தெரியும் போல. சண்டையும் தெளிவாகத் தெரிகிறது, யார் யாரை அடிக்கிறார்கள் என்று. வசூல் மட்டும் 2011, 2014 படங்களில் பாதிகூட வரவில்லை. என் தங்கச்சி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், பாதியில் வந்து உட்கார்ந்து முழுசாகப் பார்த்தது இது ஒன்றுதான்.

நாலாம் ராத்திரி, 2024-ல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன். முழுக்க அனிமேஷன், மனுஷனே கிடையாது. ஆப்டிமஸும் மெகாட்ரானும் எதிரிகள் ஆவதற்கு முன்னால் நண்பர்களாக இருந்த கதை. இரண்டு பேரும் சுரங்கத் தொழிலாளிகள். வாகனமாக மாறுகிற சக்தி இவர்களுக்குப் பிறவியிலேயே கிடையாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள், உண்மையில் அந்தச் சக்கரத்தை நெஞ்சிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மேலே இருக்கிற தலைவர் எல்லோருக்கும் நல்லவர். அது பொய் என்று தெரிந்ததும் ஒருத்தன் எல்லோரையும் விடுவிக்கவேண்டும் என்கிறான், இன்னொருத்தன் ஏமாற்றினவனைக் கொல்லாமல் விடமாட்டேன் என்கிறான். இரண்டுமே சரியாகத்தான் படுகிறது, அங்கேதான் படம் பிடித்துக்கொள்கிறது. ஆரம்பத்து ஜோக்குகள் கொஞ்சம் சளசள, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை இந்தப் படத்துக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. குவாரியில் லோடுக்குக் காத்திருக்கும்போது கல் உடைக்கிறவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவர் அவர், பத்துப் பதினைந்து வருஷமாக. படம் முடிந்தபோது பையன் தூங்கியிருந்தான். "அந்த மெகாட்ரான் பையன் கேட்டதுல என்ன தப்பு?" என்றார். நான் ஏதோ சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆப்டிமஸ் நல்லவன்தான், ஆனால் கோபப்படவேண்டிய இடத்தில் கோபப்படாதவன் என்றார். பன்னிரண்டரை மணி வரைக்கும் அதைப் பற்றியே பேசினோம், தங்கச்சி வந்து லைட்டை அணைத்த பிறகும் இருட்டில் பேசினோம். இரண்டு பொம்மைகளில் யார் பக்கம் நியாயம் என்று. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு: பம்பிள்பீ, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன் இரண்டையும் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். 1986 படத்தைப் பிள்ளைக்கு அருகில் உட்கார்ந்து பாருங்கள், தனியாக விடாதீர்கள். 2007 படத்தைச் சத்தத்துக்காக ஒருமுறை, முடிந்தால் இரண்டு பக்க ஸ்பீக்கரும் வேலை செய்கிற இடத்தில். நடுவில் இருக்கிற நாலு படத்தையும் விட்டுவிடலாம், கதை எதுவும் தவறிப்போகாது.

வண்டி செட்டிலிருந்து வந்ததும் மாப்பிள்ளை லோடுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது பையன் ரோபோ லாரியைக் கேபினில் வைத்துவிட்டான், அப்பாவுக்குத் துணைக்கு என்று. வலது கை அதற்குள் மறுபடி கழன்று எங்கேயோ போயிருந்தது. நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு போன். துறைமுக வரிசையில் நிற்கிறார், வண்டி நகரவே இல்லை.

"மச்சான், தூங்கிட்டீங்களா? ஒண்ணுமில்ல, இதை எப்படித் திரும்ப லாரியாக்குறது? சீட்டுல ஏழாவது படம் தப்பா இருக்கு."

முதலில் முஷ்டியை உள்பக்கம் திருப்பச் சொன்னேன், அப்புறம் காலை. ஒரு கைதானே இருக்கிறது, அந்த ஒன்றைத் திருப்பினால் போதும். "இருங்க இருங்க" என்றார், பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது, போன் கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிடவில்லை. லாரி ஆகியிருக்கும், இல்லையென்றால் வரிசை நகர்ந்திருக்கும்.